நாலடி பத்தங்குலம்

எங்கள் தெருக்காரர்களிடம் அதுவரை மூன்று ரெஃபரிகள் அடி வாங்கியிருந்தார்கள். மூன்றாவது ஆளை அடித்தது என் சித்தப்பா. அடித்தது என்பது கொஞ்சம் அதிகம், காலரைப் பிடித்து லேசாகத் தள்ளினேன், அந்த ஆள் தானாகச் சேற்றில் உட்கார்ந்துகொண்டார் என்று சித்தப்பா சொல்வார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. பெங்களூரில் அந்தக் காலத்தில் நன்றாகப் பந்து உதைப்பவனுக்குச் சர்க்கார் தொழிற்சாலைகளில் வேலை கிடைக்கும். காலையில் பயிற்சி, பிறகு மெஷின் பக்கம் பேருக்கு நிற்பது, மாதம் பிறந்தால் சம்பளம். சித்தப்பாவை அப்படி ஒரு தொழிற்சாலை அணிக்கு எடுப்பதாக இருந்தார்கள். அந்த லேசான தள்ளலுக்குப் பிறகு இரண்டு வருடம் எங்கேயும் ஆடக்கூடாது என்று தடை வந்தது. தடை முடிந்தபோது அவர் அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் ராடு பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் நடந்தது. எனக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ. சரியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. என் பிறப்பை யாரும் எங்கேயும் பதியவில்லை. பெரிய மழை பெய்து வீட்டுக்குள் தண்ணீர் வந்த வருடம் என்று அம்மா சொல்வாள். எங்கள் வீட்டில் ஏறக்குறைய எல்லா வருடமும் தண்ணீர் வந்தது. அப்பா அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தார். அம்மா இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். சித்தப்பா பக்கத்து அறையில் இருந்தார்.

எங்களைப் போன்ற பையன்களுக்காகவே ஒரு போட்டி நடந்தது. அதில் வயதைக் கேட்க மாட்டார்கள், உயரத்தைத்தான் பார்ப்பார்கள். நாலடி பத்தங்குலத்துக்குள் இருப்பவன் எவனும் ஆடலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ரெஃபரி எங்களை வரிசையில் நிறுத்தி அளப்பார். மீசை அரும்பியவன்கூடக் குள்ளமாக இருந்தால் உள்ளே வருவான். முட்டியை மடக்குவது, காலை அகட்டுவது, மொட்டை அடிப்பது என்று பையன்களுக்கும் வழிகள் தெரியும். முட்டிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்ப்பது என்று ரெஃபரிகளுக்கும் தெரியும்.

எங்கள் தெருவின் பெயர் கெட்டிருந்ததால் கமிட்டிக்காரர்கள் அந்த வருடம் ஒரு நிபந்தனை போட்டார்கள். ரெஃபரியிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம். வெளியே நிற்பவர்கள் யார் வாய் திறந்தாலும் கேப்டனுக்கு எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையோடு அணி வீட்டுக்குப் போகலாம்.

சித்தப்பாதான் எங்கள் மேனேஜர். அவர் என்னைக் கேப்டன் ஆக்கினார். என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஆனால் எனக்கு மூன்று பாஷை வரும். அம்மா வேலை செய்த வீடுகளில் கன்னடம் கற்றேன். ஒரு கோடை விடுமுறை முழுவதும் சிவாஜிநகர் ஓட்டல் ஒன்றில் கிளாஸ் கழுவியதில் உருது. பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்ததைவிட அந்த ஓட்டல் அதிகம் கொடுத்தது.

ரெஃபரியோடு எப்படிப் பழக வேண்டும் என்பதில் சித்தப்பாவுக்கு ஒரு தெளிவான திட்டம் இருந்தது. தனக்கு நடந்ததை வருடக்கணக்காக யோசித்துக் கண்டுபிடித்த திட்டம்.

“நாலு சின்ன உண்மை சொல்லுடா. அஞ்சாவதா பெருசா ஒரு பொய் சொல்லு. நம்புவான்.”

அந்த வருடம் எங்களுக்கு வந்த ரெஃபரி சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வருவார். துவைத்துத் துவைத்துச் சாம்பல் நிறமாகிவிட்ட கறுப்புச் சட்டை. விசிலை ஷூ நாடாவில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். முதல் நாள் நான் ஓடிப்போய் சலாம் வைத்தேன். சைக்கிளை வாங்கி நிறுத்தப் பார்த்தேன், கொடுக்கவில்லை. இடைவேளையில் எலுமிச்சை ஜூஸ் கொண்டுபோனேன்.

“வேலை நேரத்துல எதுவும் வேணாம், கேப்டன்,” என்றார்.

ஜூஸை நானே குடித்தேன். ஆனால் அந்தச் சொல் காதிலேயே நின்றது. அதுவரை என்னைப் பெரிய மனிதர்கள் யாரும் டேய் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அன்றே முதல் உண்மைக்குச் சந்தர்ப்பம் வந்தது. ஐந்தாறு கால்களுக்கு நடுவிலிருந்து பந்து கோட்டுக்கு வெளியே போனது. யார் காலில் பட்டுப் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். எங்க கால்தான் சார் என்றேன். எங்கள் பையன்கள் என்னைத் திட்டிய திட்டு மூன்று பாஷையிலும் இருந்தது. கோட்டுக்கு வெளியே சித்தப்பா ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒன்று.

இரண்டாவது ஆட்டத்தில் பந்து என் கையில் பட்டது. அவர் பார்க்கவில்லை. நானே கையைத் தூக்கிக் காட்டினேன். சித்தப்பா இரண்டு விரல் காட்டினார். அரையிறுதியில் எங்கள் கோலுக்குப் பக்கத்தில் எதிரணிப் பையன் ஒருவன் விழுந்து புரண்டான். பெனால்டி கேட்டு அந்தப் பக்கம் முழுவதும் கத்தியது. ரெஃபரி என்னிடம் வந்து, தொட்டியா என்று மட்டும் கேட்டார். தொடல சார் என்றேன். எழுந்து ஆடச் சொல்லிவிட்டார். ஆட்டம் முடிந்ததும் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சூப்பரா சொன்னடா பொய்யி. கண்ணே சிமிட்டல நீ.”

“நிஜமாவே தொடல சித்தப்பா.”

அவர் முகம் வாடிப்போனது. அப்படியானால் பெரிய பொய் இன்னும் மீதி இருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அந்த ஆட்டத்தில்தான் எங்களுக்கு இரண்டு எச்சரிக்கையும் வந்தன. இரண்டுமே சித்தப்பாவால். நான் அவரிடம் போய் கழுத்தில் இருக்கும் துண்டை வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மீதி நேரம் முழுவதும் முப்பது வயது மனிதர் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் தெரு ஒரு சத்தம் போடாமல் ஆட்டம் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு தொழிற்சாலை அணியின் பயிற்சியாளர் வரப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். தேறும் பையன்களைத் தங்கள் சிறுவர் அணிக்கு எடுத்துக்கொள்வார்கள். பூட்ஸ், பயிற்சிக்குப் பிறகு பாலும் முட்டையும், பள்ளிக்கூடச் செலவு. காலம் கூடினால் பிற்பாடு வேலை. சித்தப்பா கையிலிருந்து நழுவிப் போனது அதேதான். அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த வாரம் என் காலுக்குத் தானே எண்ணெய் தேய்த்துவிட்டார்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மைதானம் குளமானது. ஆட்டம் நான்கு ஞாயிறு தள்ளிப் போனது. அந்த நான்கு வாரத்தில் நான் வளர்ந்துவிட்டேன்.

என் கால்சட்டையைப் பார்த்து முதலில் கண்டுபிடித்தது அம்மா. சித்தப்பா என்னைச் சுவரோரம் நிறுத்தி டேப் வைத்தார். நாலடி பத்தே கால். மறுபடி வைத்தார். நாலடி பத்தே முக்கால்.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. முந்தைய ஆட்டங்களில் ரெஃபரி ஒரு கம்பத்தில் குறி போட்டு, அதன் மேல் ஒரு மரச் சட்டத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அளந்தார். சட்டம் ஆடுகிறது, சாய்கிறது என்று சில அணிகள் புகார் செய்தன. அதனால் கமிட்டி இரும்பில் வாசல் மாதிரி ஒரு சட்டம் செய்யச் சொல்லியிருந்தது. வேலை போனது சித்தப்பாவின் ஒர்க்‌ஷாப்புக்கு. ஒட்டியது சித்தப்பா. ஒட்டி, ராவி, சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

“கொஞ்சம் மேல வச்சி ஒட்டியிருக்கலாமில்ல?” என்று அம்மா கேட்டாள்.

“என்ன அண்ணி பேசற. அளவு தப்பா அடிச்சா நாளைக்கு எவன் என்கிட்ட வேலை குடுப்பான்?”

அளவு தப்பாமல் சட்டம் செய்துவிட்ட மனிதருக்கு இப்போது என்னைக் குள்ளமாக்க வேண்டியிருந்தது. யோசனை அவருக்குப் பட்டாளத்து ஆளெடுப்பிலிருந்து வந்தது. உயரம் போதாத பையன்கள் இரவெல்லாம் மல்லாந்து படுத்துக் கிடந்து விடிந்ததும் நேராகப் போய் அளவுக்கு நிற்பார்களாம். காலையில் மனிதன் அரை அங்குலம் கூட இருப்பானாம், நாள் முழுக்க நின்று நடந்து சுமந்தால் சாயங்காலம் இறங்கிவிடுவானாம். எங்கள் ஆட்டம் நாலு மணிக்கு. காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பி, தலையில் சும்மாட்டை வைத்து, அதன் மேல் தண்ணீர்க் குடத்தை ஏற்றினார்.

தெருக்கோடிக் குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்கு முதலில் நிரப்பினேன். பிறகு பக்கத்து வீட்டுக்கு. பத்து மணிக்குள் விஷயம் பரவி, பெண்கள் தங்கள் குடங்களைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டுப் போனார்கள். வருடம் முழுவதும் பையன் இப்படியே வளர்ந்துகொண்டிருக்கட்டும் என்று ஒருத்தி வாழ்த்தினாள். மணிக்கொரு தரம் சித்தப்பா டேப் வைத்துப் பார்த்தார். மத்தியானம் மொட்டை அடித்தார்கள். மூன்று மணிக்கு நாலடி பத்தே கால் இருந்தேன். கால் அங்குலம்தான் மீதி. அதற்கு முட்டி இருக்கிறது என்றார் சித்தப்பா. எனக்கு அப்போது இரண்டு முட்டியும் தானாகவே மடங்கிக்கொண்டிருந்தன.

மைதானத்தில் சிவப்புச் சட்டம் நட்டிருந்தது. கமிட்டிச் செயலாளர் ஒரு பக்கம், எதிரணி மேனேஜர் ஒரு பக்கம். சற்றுத் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைத் தொப்பியோடு தொழிற்சாலைப் பயிற்சியாளர். கேப்டன்தான் முதலில் போக வேண்டும். ரெஃபரி என் மொட்டையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். கம்பி தலையில் படவில்லை. முட்டிக்குப் பின்னால் அவர் கை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“முட்டி மடக்கறான் சார் அவன்,” என்று எதிரணி மேனேஜர் கத்தினார். மறுபடி அளக்க வேண்டும் என்றார். செயலாளரும் தலையை ஆட்டினார்.

ரெஃபரி கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார்.

“மூணு ஆட்டமா இந்தப் பையன் என்கிட்ட பேசிட்டு இருக்கான். அவன் சொல்லட்டும், போதும்.” பிறகு என் பக்கம் குனிந்தார். “க்யா கேப்டன், நேராதானே நின்னே?”

கோட்டுக்கு அப்பால் சித்தப்பா வாயில் துண்டோடு நின்றிருந்தார். உண்மை மூன்றுதான் ஆகியிருந்தது, ஆனாலும் அஞ்சாவது இதுதான் என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஆமா சார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்காகத்தான் சைக்கிளைப் பிடிக்கப் போனேன், கையைத் தூக்கிக் காட்டினேன், தெருவெல்லாம் தண்ணீர் சுமந்தேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் என்னைக் கேப்டன் என்று கூப்பிட்டுவிட்டார்.

“இல்ல சார். முட்டி மடக்கியிருந்தேன்,” என்றேன்.

சொன்னதோடு விடவில்லை. நிமிர்ந்தேன். கம்பி மொட்டையில் மோதி, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி டங் என்றது.

ரெஃபரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு மற்றப் பையன்களை அளக்கப் போனார்.

எனக்குப் பதில் எங்கள் தெருத் தையல்காரர் மகன் இறங்கினான். நான் சட்டையைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு நின்றேன். அன்று இரண்டு லைன்ஸ்மேன்களில் ஒருவர் வரவில்லை. ரெஃபரி கொடியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். இந்தப் பக்கம் நீ பாரு கேப்டன் என்றார். எதிரணி மேனேஜர் ஆட்சேபிக்க வாயைத் திறந்து, என் தலையைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

அந்தக் கொடி கிழிந்த சிவப்புத் துணிதான், மூங்கில் குச்சியில் கட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் ஓடினேன். என் கை மேலே போனால் இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். பந்தை வைத்துக்கொண்டு நான் யாரையும் அப்படி நிறுத்தியதில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது தையல்காரர் மகன் கோல் போட்டான். அழகான கோல். எங்கள் தெரு வாயைப் பொத்திக்கொண்டு கோட்டுக்கு வெளியே குதித்தது. என் கொடி மேலே இருந்தது. பந்து வரும்போதே அவன் கடைசித் தடுப்பாளனைத் தாண்டி இரண்டு எட்டு உள்ளே நின்றிருந்தான். ரெஃபரி என் கொடியை ஒரு தடவைதான் பார்த்தார். விசில் ஊதிக் கோலை ரத்து செய்தார்.

சித்தப்பா துண்டைத் துப்பிவிட்டு என்னை நோக்கி வந்தார். பதினோரு வருடத்துக்கு முன் அந்த மூன்றாவது ரெஃபரியை நோக்கி எப்படிப் போயிருப்பார் என்று அன்று பார்த்தேன். வாயைத் திறந்தால் மூன்றாவது எச்சரிக்கை. அணி வீட்டுக்குப் போகும்.

“சித்தப்பா, கோட்டுக்கு உள்ள வராத,” என்றேன்.

அவர் நின்றார். செருப்பு நுனி சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். பிறகு குனிந்து துண்டை எடுத்து, சேற்றை உதறாமலே மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

கோல் இல்லாமல் முடிந்த ஆட்டத்தைப் பெனால்டியில் தோற்றோம். பயிற்சியாளர் எங்கள் பக்கத்தில் ஒரே ஒருவனை எடுத்தார், தையல்காரர் மகனை. அவன் பிற்பாடு அந்தத் தொழிற்சாலையிலேயே நிரந்தரமானான். நல்ல பையன். பார்த்தால் இன்றும் டீ வாங்கித் தருவான்.

சித்தப்பா என்னோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் ஒர்க்‌ஷாப்புக்குச் சோறு கொண்டுபோனபோது அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் அடிச்ச ஃபிரேம்பா அது. ஒரு நூல் தப்பாது. எங்க அண்ணன் பையன் மண்டையே சொல்லிச்சு.”

நான் அடுத்த வருடம் படிப்பை விட்டேன். அதே ஒர்க்‌ஷாப்பில் கொஞ்ச நாள், பிறகு லாரி கிளீனர், ஓசூர், சேலம், நாக்பூர் வரை. எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. சில இரவுகள் லாரிக்கு அடியில் பசியோடு படுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் அந்த டங் சத்தத்தை நினைத்துக்கொள்வேன். என்னிடம் ஒருவர் நம்பிக் கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன் என்பது சாப்பாடு ஆகாது. ஆனாலும் அதை நினைத்தபடி தூங்கிவிடலாம்.

ஏழெட்டு வருடம் கழித்து சிவாஜிநகரில் துணி பேல் இறக்கப் போன கடையில் அவர் இருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு அம்மாவுக்குப் பாவாடைத் துணி அளந்துகொண்டிருந்தார். அளவுக்கம்பி முடிகிற இடத்தில் கட்டைவிரலை வைத்து, விரலுக்கு அந்தப் பக்கம் கத்தரித்தார். ஒவ்வொருவருக்கும் அப்படித்தான் செய்தார். ஒரு கட்டைவிரல் அதிகம். எனக்குச் சட்டென்று தலை அரித்தது. முந்தைய ஆட்டங்களில் அந்த மரச் சட்டத்துக்கும் என் தலைக்கும் நடுவில் ஒரு நகம் உரசிக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது. சட்டம் ஆடாமல் இருக்கப் பிடித்திருக்கிறார் என்று அப்போது நினைத்திருந்தேன். அங்கேயும் ஒரு கட்டைவிரல் அதிகம்தான் போலிருக்கிறது.

பேலை இறக்கிவிட்டு முன்னால் போய் நின்றேன். இப்போது அவரைவிட ஒரு தலை உயரமாக இருந்தேன். நாலடி பத்து என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். பையன் நீ, மீசை வந்த தடியன்களை வெளியே நிறுத்தத்தானே அந்த அளவு, உனக்கெதற்கு என்று சொல்லிக்கொண்டே டீ சொல்லி அனுப்பினார். டீ வந்தபோது மெதுவாகக் கேட்டார்.

“ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல, கேப்டன்?”

இப்போதும் என்னிடம் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த மைதானத்தில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிறைய நேரம் இருக்கிறதே, அதை நான் இத்தனை வருடமும் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன். இரும்புக் கம்பிக்குக் கீழே விரல் வைக்க முடியாத மனிதர், கையை முட்டிக்குப் பின்னால் கொண்டுபோகாமல், எல்லோர் எதிரிலும் எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அதை நான் டங் என்று இடித்துச் சாத்தியதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு நேர்மையான பையனைப் பெரியவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அவர் பார்க்கப் பார்க்க, அன்று நான் இன்னும் நேராக நின்றேன்.